தோள் நீங்கலாக

உண்மை சொல்வதால் வரும் நஷ்டத்துக்கு இதுவரை எந்தக் கம்பெனியும் இன்ஷூரன்ஸ் கொடுத்ததில்லை. கொடுத்திருந்தால் ஐயம்பேட்டை தணிகாசலம்தான் முதல் ஆளாகப் போய் நின்றிருக்க வேண்டும்.

அவர் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற விவசாயி. அதிகம் பேசமாட்டார். கேட்டால் பதில் சொல்வார். பதில் தெரியாவிட்டால் சும்மா இருப்பார். பதில் தெரிந்தும் சும்மா இருப்பது என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. உலகம் பெரும்பாலும் அதை வைத்துத்தான் ஓடுகிறது. தன் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகும் வரை அவருக்கு அது தெரியாது.

பெண்ணின் பெயர் வடிவு. மாப்பிள்ளை ஓரிக்கை துரைக்கண்ணுவின் மகன். துரைக்கண்ணுவும் விவசாயிதான், ஆனால் போன தேர்தலுக்குப் பிறகு அவருடைய மேல்துண்டு முழங்கால் வரை நீண்டுவிட்டது. நிச்சயதார்த்தத்தன்று அவர் நகை கேட்கவில்லை, பாத்திரம் கேட்கவில்லை.

“எனக்கு ஒன்னும் வாணாம் சம்பந்தி. மாப்ளை அழைப்பு மட்டும் தொறந்த கார்ல இருக்கணும். எங்க ஊர்ல எதிர்க்கட்சிக்காரன் புள்ள மூடின கார்ல வந்தான். உள்ள யார் குந்திக்கினு இருந்தான்னே ஜனங்களுக்குத் தெரியல.”

தணிகாசலம் சரி என்றார். துரைக்கண்ணு அதைப் பத்திரிகையிலேயே அச்சடித்துவிட்டார்: ‘மாலை ஆறு மணிக்குப் பிள்ளையார் கோயிலிலிருந்து திறந்த காரில் மாப்பிள்ளை அழைப்பு.’ ‘திறந்த’ என்ற சொல் மட்டும் சிவப்பு மையில் இருந்தது.

காஞ்சிபுரத்தில் அப்போது திறந்த கார் ஒன்றே ஒன்றுதான். ஏதோ ஒரு ஜமீன்தார் விற்றுவிட்டுப் போன பிளிமத். பச்சை நிறம், படகு நீளம். அது காஞ்சி வட்டார வாடகைக் கார் ஐக்கிய சங்கத்தின் சொத்து. சங்கத்துக்குக் கார் ஒன்று, டிரைவர் ஒருவர். தலைவர், உபதலைவர்கள், செயலாளர், பொருளாளர், காப்பீட்டு ஆலோசகர் ஆகியோர் போக, பாதுகாப்புக் கமிட்டி, பராமரிப்புக் கமிட்டி, இந்த இரண்டுக்கும் இடையே ஒரு சமரசக் கமிட்டி. கார் நிற்கிற ஷெட்டுக்கு ஓலைக் கூரை. கமிட்டி கூடுகிற அறைக்கு மங்களூர் ஓடு.

தணிகாசலம் போனபோது செயலாளர் பூவராகவன் விதிப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேறு எதையும் விரித்து வைத்து அவரை யாரும் பார்த்ததில்லை.

“சாயந்திரத்துலேர்ந்து விடியற வரைக்கும் வண்டி வேணும்னா ஒரு டிரைவர் போதாது, தணிகாசலம். எங்க சாமுவேல் பிரதான ஓட்டுநர். நீங்க ஒரு கூடுதல் ஓட்டுநர் காட்டணும்.”

“என் மச்சான் முனிசாமி லாரி ஓட்றான் சார். லைசென்ஸ் இருக்குது.”

“நல்லது. ஆனா கூடுதல் ஓட்டுநர் வண்டியை ஓட்டக் கூடாது.”

“பின்ன இன்னாத்துக்கு சார் அவன்?”

“பிரதான ஓட்டுநர் ஓட்ட முடியாம போனா ஓட்டறதுக்கு. அவர் ஓட்ட முடியாம போயிட்டார்னு கமிட்டி தீர்மானம் போடணும். கமிட்டி மாசத்துல முதல் வியாழக்கிழமை கூடும்.”

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. முனிசாமியின் பெயர் பதிவாயிற்று.

பூவராகவன் கடைசிக் கேள்விக்கு வந்தார். “இந்த ரெண்டு பேரைத் தவிர வேற யாராவது வண்டியை நகர்த்துவாங்களா?”

சங்கம் தொடங்கிய நாளிலிருந்து வாடகைக்கு வந்த எல்லோரிடமும் அவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். எல்லோரும் ‘இல்லை’ என்றே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மாப்பிள்ளை அழைப்பில் கார் எப்படிப் போகும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். முன்னால் நாயனக்காரர் நடப்பார். அவர் வேகத்துக்குக் கார் ஊர்ந்து வரும். ஊர்ந்து ஊர்ந்து இன்ஜின் கொதித்து, இரண்டாவது தெருவில் புகை விட்டு நின்றுவிடும். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் பின்னால் போய்க் கை வைப்பார்கள். அந்தப் பிளிமத் தன் சொந்த பலத்தில் ஒரு சத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்ததை யாரும் பார்த்ததில்லை. பூச்சரம், காஸ் லைட், தள்ளுகிற ஆட்கள், எல்லாம் ஒரே சீர்தான்.

இப்போது தணிகாசலத்தைக் கேட்டார்கள். அவருக்குப் பதில் தெரிந்திருந்தது.

“இன்ஜின் சூடாயி நின்னுடுச்சுன்னா நம்ம ஊர் ஆளுங்க தள்ளுவாங்க சார்.”

பூவராகவன் பேனாவை மூடினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பல வருஷங்களாக எதிர்பார்த்திருந்த விருந்தாளி வாசலில் வந்து நிற்பதுபோல அவர் முகம் மலர்ந்தது.

“அப்ப அவங்க எல்லாரும் கூடுதல் ஓட்டுநர்கள்.”

“தள்றவங்க சார். ஓட்றவங்க இல்ல.”

“மூணாவது விதி: ‘எவருடைய செயலால் ஊர்தி இடம் பெயர்கிறதோ அவர் ஓட்டுநர்.’ ஸ்டியரிங்கைப் பத்தி இதுல ஒரு வார்த்தை கிடையாது. நானே எழுதினது. சரி, வண்டி எப்ப நிக்கும்?”

“நாயனக்காரர் நின்னா நிக்கும் சார். அவர் கீர்த்தனையை முடிச்சிட்டு நடந்தாருன்னா இதுவும் நடக்கும்.”

“அப்ப பிரேக் அவர்கிட்ட இருக்குது,” என்று பூவராகவன் குறித்துக்கொண்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார். குரல் கனிந்தது.

“தணிகாசலம், இந்தச் சங்கத்துல இன்னிவரைக்கும் ஒரு விபத்து கிடையாது. ஏன்? ஜாக்கிரதை. மழைக்காலத்துல வழுக்கும், வண்டி வெளிய போகாது. கோடையில டயர் வெடிக்கும், போகாது. திருவிழான்னா கூட்டம், போகாது. மத்த நாள்ல கல்யாணத்துக்கு மட்டும் போகும், அதுவும் நாலு தெருதான். இப்பிடிக் கட்டிக் காப்பாத்தின பேரை உங்க வீட்டுக் கல்யாணம் கெடுக்கலாமா? தள்ளற ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வாங்க. பரீட்சை வெக்கணும். பட்டியல்ல இல்லாத கை ஒன்னு வண்டி மேல பட்டா, அந்த இடத்துலயே ஒப்பந்தம் ரத்து. மாப்பிள்ளையை இறக்கி விட்டுட்டு வண்டி ஷெட்டுக்குத் திரும்பிடும்.”

“நின்னுபோன வண்டி எப்பிடி சார் திரும்பும்?”

“அதுக்கு வேற மனு.”

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அவர் மனைவி அங்கம்மாள் அரிவாள்மணையை மடக்கி வைத்தாள்.

“யோவ், ஊர்ல அத்தினி பேரும் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வண்டி எடுத்துக்கினு வந்தான். வீட்ல இருந்தா உன் வாயில கொழுக்கட்டை. அங்க போயி மட்டும் அது தொறந்துக்குச்சா?”

“கேட்டாருடி.”

“கேட்டா? உன் பொண்ணு கொழம்பு எப்பிடி வெப்பாள்னு சம்பந்தி கேட்டா அதையும் சொல்லுவியா?”

உள்ளேயிருந்து வடிவு குரல் கொடுத்தாள். “அதை மட்டும் சொல்லிடாத நைனா. கார் வராட்டிகூடப் பரவாயில்ல.”

அங்கம்மாள் சிரித்துவிட்டாள். ஆனால் மறுநாள் ஓரிக்கையிலிருந்து முனிசாமி கொண்டுவந்த சேதியில் சிரிக்க ஒன்றுமில்லை. கார் தகராறு துரைக்கண்ணுவின் காதுக்குப் போயிருந்தது. “தொறந்த கார் இல்லன்னா எம் புள்ள புள்ளையார் கோயில்லேர்ந்து நேரா ஓரிக்கைக்குத் திரும்பிடுவான். கல்யாணம் கில்யாணம் எல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்னு சொல்லு” என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

“சும்மா பேசலக்கா,” என்றான் முனிசாமி. “கூட நாலு கட்சிக்காரனுங்க இருந்தானுங்க. அவனுங்க எதிர்ல சொல்லிட்டாரு. இனி மாத்த மாட்டாரு.”

பட்டுப் புடவை எடுத்தாயிற்று. சொந்தத்தில் எல்லோருக்கும் பத்திரிகை வைத்தாயிற்று. மாப்பிள்ளை திரும்பிப் போன பெண்ணுக்கு இன்னொரு மாப்பிள்ளை வருவது எவ்வளவு கடினம் என்று அங்கம்மாள் சொல்லவில்லை. தணிகாசலம் எழுந்து ஆட்களைச் சேர்க்கப் போனார்.

பரீட்சை சங்கத்தின் ஷெட்டுக்கு எதிரே நடந்தது. ஐயம்பேட்டை ஆட்கள் துவைத்த வேட்டியோடு வரிசையாக நின்றார்கள். காப்பீட்டு ஆலோசகர் இளங்கோவன் மேடைப் பேச்சாளரும்கூட. காப்பீட்டில் வேலை இல்லாத நாட்களில் பேசப் போவார். பேச்சு இல்லாத நாட்களில் காப்பீட்டைப் பற்றிப் பேசுவார்.

“பெரியோர்களே! காப்பீடு என்றால் என்ன? விபத்து நேர்ந்தால் பணம் தருவது என்று பாமரர் நினைக்கிறார்கள். தவறு! அந்த விபத்து எங்கள் விதிகளின்படி நடந்திருக்கவே முடியாது என்று எடுத்துச் சொல்லி, குடும்பத்தாருக்கு ஆறுதல் அளிப்பதே காப்பீடு!”

அவர் நிறுத்தியதால் எல்லோரும் கை தட்டினார்கள். முதலில் தர்மன் என்பவனைக் கூப்பிட்டு, காருக்குப் பின்னால் குனிந்து நிற்கச் சொன்னார்.

“ஓட்டும்போது உமக்கு எதிரே என்ன தெரிகிறது?”

“டிக்கி தெரியுது சார்.”

“அதற்கு அப்பால்?”

“குனிஞ்சிக்கினு தள்றப்ப ஒன்னும் தெரியாது. எப்பவாச்சும் பக்கத்துல தள்றவன் மூஞ்சி தெரியும்.”

“சாலையைப் பார்க்காமல் ஓட்டுகிறார்,” என்றார் இளங்கோவன். பூவராகவன் எழுதிக்கொண்டார்.

“ஆபத்து என்றால் வண்டியை எப்படி நிறுத்துவீர்?”

“தள்றத நிறுத்திடுவேன் சார்.”

இளங்கோவனும் பூவராகவனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தப் பதிலில் தப்புக் கண்டுபிடிக்க முடியாதது இருவருக்கும் வருத்தமாக இருந்தது.

ஷெட் வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த டிரைவர் சாமுவேல், “என்கிட்ட இதைக் கேட்டப்ப எனக்குப் பதிலே தெரியலபா,” என்றார்.

யாருக்கும் லைசென்ஸ் இல்லை. எனவே எல்லோரும் பழகுநர்கள் என்று முடிவாயிற்று. பழகுநர் ஓட்டுகிற வண்டிக்கு முன்னும் பின்னும் சிவப்பில் எல் எழுத்து தொங்க வேண்டும். இங்கே ஓட்டுகிறவர்கள் வண்டிக்கு வெளியே இருப்பதால், அவர்கள் மார்பிலும் முதுகிலும் அதைத் தொங்கவிட வேண்டும். தவிர, பழகுநருக்குப் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் இருந்தாக வேண்டும். சாமுவேல் ஸ்டியரிங்கை விட்டு வரக் கூடாது. மிச்சம் முனிசாமி.

“அவர் பக்கத்துல ஒரு நேரத்துல ஒரு பழகுநர்தான் தள்ளலாம்,” என்றார் பூவராகவன். “ஒரு வாத்தியாருக்கு ஒரு மாணவர்.”

முனிசாமிக்குப் பொறுக்கவில்லை. “ஒத்தை ஆளு தள்ளி இந்த வண்டி அசையுமா சார்? யானை வந்தாலும் பெருமூச்சு விட்டுட்டுப் போயிடும்.”

“அசையாத வண்டி விபத்துக்குள்ளாவதில்லை,” என்றார் இளங்கோவன்.

கடைசியாக உடல் பரிசோதனை. எல்லோரும் சட்டையைக் கழற்றினார்கள். இளங்கோவன் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தவர் திடுக்கிட்டு நின்றார். தர்மனின் வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. அடுத்தவனுக்கும் இருந்தது. அதற்கடுத்தவனுக்கு இரண்டு தோளிலும்.

“இது என்ன நோய்?”

“நோயில்ல சார், காய்ப்பு,” என்றான் முனிசாமி. “திருவிழாவுல சாமி வாகனம் தூக்கறவங்க நாங்க. எங்கப்பன், அவங்கப்பன் எல்லாம் அதே தண்டுலதான் நின்னாங்க. தோள்ல மரம் அமுங்கி அமுங்கி இப்பிடி ஆயிடும்.”

“ஏற்கெனவே சேதமடைந்த உறுப்பு,” என்றார் இளங்கோவன். “இதற்குக் காப்பீடு வழங்க இயலாது. அனைவர் பெயருக்கும் எதிரே ‘தோள் நீங்கலாக’ என்று எழுதுங்கள்.”

பூவராகவன் ஒருபடி மேலே போனார். அவருக்கு எதையும் திட்டமாகச் சொல்லிவிட வேண்டும். “கேட்டுக்குங்க தணிகாசலம். கை, கால், முதுகு, இடுப்பு எல்லாம் சங்கத்தோட கட்டுப்பாட்டுல. தோள் மட்டும் விதிக்கு வெளியே. தோள்ல என்ன ஆனாலும் சங்கத்துக்குப் பொறுப்பும் இல்ல, பேச்சும் இல்ல. சம்மதமா?”

“சம்மதம் சார்,” என்றார் தணிகாசலம்.

மாப்பிள்ளை அழைப்பன்று பிள்ளையார்பாளையத்துப் பிள்ளையார் கோயில் வாசலில் பிளிமத் வந்து நின்றது. நாலு தெரு தாண்டினால் சத்திரம். ஏழரைக்குள் மாப்பிள்ளை சத்திரத்தில் கால் வைக்க வேண்டும். அதற்கு மேல் நல்ல நேரம் இல்லை. மாப்பிள்ளை கோட்டும் மாலையுமாகப் பின் சீட்டின் மேல் ஏறி உட்கார்ந்தான். ஓரிக்கையே திரண்டு வந்திருந்தது. எதிர்க்கட்சிக்காரரையும் துரைக்கண்ணு மறக்காமல் அழைத்திருந்தார்.

ஊர்வலம் புறப்பட்டது. நாயனக்காரர், காஸ் லைட்டுகள், கார். காருக்குப் பின்னால் வெற்று மார்பில் எல் அட்டை தொங்க, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஐயம்பேட்டை ஆட்கள். கைதிகளை எங்கோ கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்து ஒரு தறிக்காரர் வேலையை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார். காருக்குப் பக்கத்திலேயே இளங்கோவன் கண்காணித்துக்கொண்டு நடந்தார். யாராவது திருஷ்டி கழிக்கக் கை நீட்டினால்கூட “பட்டியலில் இல்லாத கை!” என்று அதட்டினார்.

இரண்டாவது தெருவில், ஒரு கோயிலின் வாகன மண்டபத்துக்கு நேராக, பிளிமத் ஒரு முறை குலுங்கியது. மூடியின் இடுக்கில் ஆவி கிளம்பியது. நின்றுவிட்டது.

“கோவிச்சிக்குச்சு,” என்றார் சாமுவேல். “இனி ஒரு மணி நேரத்துக்கு இதுகிட்ட யாரும் பேசக் கூடாது.”

முனிசாமி பின்னால் போனான். பக்கத்தில் தர்மன். இருவரும் மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். வண்டி அசையவில்லை. தர்மன் விலகி அடுத்த பழகுநர் வந்தார். பிறகு அடுத்தவர். வாத்தியார் மட்டும் மாறவில்லை. அவருக்கு நாக்கு தள்ளிவிட்டது. தெருவில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். தறிக்குப் பாவு ஓட்டுகிறவர்கள், சாயம் போடுகிறவர்கள், ஊரையே தள்ளிவிடக்கூடிய கூட்டம். ஒரு கை நீண்டால் போதும். அந்த ஒரு கையைத்தான் இளங்கோவன் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஓரிக்கைக் கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எதிர்க்கட்சிக்காரராகத்தான் இருக்க வேண்டும். துரைக்கண்ணு துண்டை உதறிக்கொண்டு வந்தார்.

“இன்னா சம்பந்தி இது? எம் புள்ள கொலு பொம்மையாட்டம் குந்திக்கினு இருக்கான். ஊரே வேடிக்கை பாத்துக்கினு இருக்குது.”

“எறங்கி நடந்தா ரெண்டு தெருதான் சம்பந்தி...”

“பத்திரிகையில இன்னா போட்டிருக்குது? நடந்துன்னா போட்டிருக்குது? ஏழரை அடிக்கட்டும். அவனை எறக்கிக் கூட்டிக்கினு நான் பாட்டுக்குப் போயிக்கினே இருப்பேன்.”

அந்த நேரத்துக்கு அங்கம்மாள் வந்து சேர்ந்தாள். சத்திர வாசலில் ஆரத்தித் தட்டோடு காத்திருந்து பார்த்துவிட்டு, தட்டோடேயே வந்துவிட்டாள். புருஷனைத் திட்டத்தான் வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

“வடிவு கேக்குது. கார் வருதா, இல்ல நான் பொடவைய அவுத்து மடிச்சி வெச்சிடட்டுமான்னு.”

நாயனக்காரரும் வாசிப்பை நிறுத்திவிட்டார். காஸ் லைட்டின் உஸ்ஸென்ற சத்தம் மட்டும் கேட்டது. தணிகாசலம் தன் ஆட்களைப் பார்த்தார். பின்னால் கட்டிய கைகள். வெள்ளை வெளிச்சத்தில் வரிசையாகப் பளபளத்த தோள்கள். அவர் வெகு நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வழக்கத்துக்கு மாறாக, யாரும் கேட்காமலே பேசினார்.

“சார், தோளு?”

“தோளுக்கு என்ன?” என்றார் இளங்கோவன்.

“தோள்ல இன்னா ஆனாலும் உங்களுக்குப் பேச்சில்லன்னு சொன்னீங்களே.”

இளங்கோவன் பையிலிருந்து பட்டியலை எடுத்தார். காஸ் லைட்டுக்கு அருகே பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் பூவராகவனின் மணிமணியான கையெழுத்தில் எழுதியிருந்தது.

“ஆம். தோள் நீங்கலாக.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் முனிசாமி வாகன மண்டபத்துக் கதவருகே போயிருந்தான். பூசாரி திறந்துவிட்டார். சாமி தூக்கும் தண்டு மரங்கள் வெளியே வந்தன, பருமனான வடக்கயிறுகளோடு. குறுக்கு மரங்கள் காருக்கு அடியில் நுழைந்தன. கயிறு இறுகியது. இதையெல்லாம் அவர்கள் இருட்டிலும் செய்வார்கள். கண்ணை மூடிக்கொண்டும் செய்வார்கள். தெருக்காரர்களும் மேல்துண்டைச் சும்மாடாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். அவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. தோளுக்குப் பட்டியலும் இல்லை.

“கை படக் கூடாது!” என்று கத்தினார் இளங்கோவன்.

“கை மரத்தைத்தான் சார் புடிச்சிருக்குது.”

முனிசாமி ஒரு குரல் கொடுத்தான். எல்லோரும் சேர்ந்து அதற்குப் பதில் குரல் கொடுத்தார்கள். பச்சைப் பிளிமத் தரையை விட்டு எழுந்தது.

மாப்பிள்ளை “அப்பா!” என்று அலறினான். “கெட்டியாப் புடிச்சிக்கடா, மாலைய சரியாப் போடு,” என்றார் துரைக்கண்ணு.

“ஊர்தி இடம் பெயர்கிறது!” என்று பின்னாலேயே ஓடினார் இளங்கோவன்.

“சக்கரம் சுத்துதான்னு பாருங்க சார்,” என்றான் முனிசாமி.

இளங்கோவன் குனிந்து பார்த்தார். சக்கரம் சுற்றவில்லை. டார்ச் அடித்தும் பார்த்தார். நாலும் சுற்றவில்லை.

நாயனக்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் வம்சத்தில் எல்லோரும் கோயிலில் வாசித்தவர்கள். தோளில் மரம், மரத்தின் மேல் மாலை, முன்னால் வெளிச்சம். அவருக்கு யோசிக்க ஒன்றுமில்லை. சாமி புறப்பாட்டுக்கு மட்டும் வாசிக்கிற மல்லாரி தானாக வந்துவிட்டது. மல்லாரி கேட்டதும் தூக்கினவர்களின் கால்கள் தாமாக நடை மாறின. பிளிமத் இந்தப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்து, கருட வாகனம் மாதிரி ஆடிக்கொண்டு போயிற்று.

தெரு முனையில் சாமுவேல் பழக்க தோஷத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினார். தூக்கினவர்களும் திரும்பினார்கள். அவருக்குத் திருப்தியாக இருந்தது. ஒரு ஹாரனும் அடித்தார்.

வீடுகளிலிருந்து பெண்கள் தட்டோடு வந்தார்கள். ஒருத்தி கற்பூரம் ஏற்றினாள். ஒருவர் தேங்காய் உடைத்தார். கைக்குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். மாப்பிள்ளை முதலில் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். மூன்றாவது தெருவில் ஒரு கையை விட்டான். நாலாவது தெருவில் அந்தக் கையை உயர்த்தி எல்லோருக்கும் காட்டிக்கொண்டு வந்தான். முன்னால் துரைக்கண்ணு கும்பிட்டுக்கொண்டே நடந்தார். எதிர்க்கட்சிக்காரர் ஓரமாக நின்றிருந்தார். கார் தன்னைக் கடக்கும்போது அவர் கையும் தானாகக் குவிந்துவிட்டது. துரைக்கண்ணு அதைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் சம்பந்தியிடம் எதற்கும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஏழரைக்குச் சற்று முன்னால் பிளிமத் சத்திர வாசலில் தாங்குகட்டைகளின் மேல் இறங்கியது. கடைசியாக வந்து சேர்ந்தவர் இளங்கோவன். எந்த இடத்தில் என்று அவருக்கே தெரியவில்லை, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

அங்கம்மாள் ஆரத்தி எடுத்தாள். கட்டின பட்டுப் புடவையோடு மாடி ஜன்னலில் வடிவு நின்றாள். மறுநாள் காலை தாலி ஏறியது.

கல்யாணம் முடிந்து பெண்ணை ஓரிக்கைக்கு அனுப்பிவிட்டு, தணிகாசலம் சங்கத்துக்குப் போனார். பூவராகவன் விதிப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார்.

“வண்டியை யாராவது தள்ளினாங்களா?”

“முனிசாமி பக்கத்துல ஒரு நேரத்துக்கு ஒரு ஆள் தள்ளினாங்க சார், ரூல்படி. அசையல.”

“யாராவது ஓட்டினாங்களா?”

“சாமுவேல் ரெண்டாவது தெரு வரைக்கும் ஓட்டினாரு.”

“மீதி தூரம்?”

“யாரும் ஓட்டல சார்.”

பூவராகவன் இளங்கோவனின் அறிக்கையை எடுத்துப் பார்த்தார். ‘சக்கரம் சுற்றவில்லை. பட்டியலில் இல்லாத கை படவில்லை. வண்டி சத்திரத்தை அடைந்தது’ என்று மூன்று வரி இருந்தது. அதற்குக் கீழே ஏதோ எழுதி அடித்திருந்தது.

“சக்கரம் சுத்தல. தள்ளியும் அசையல. யாரும் ஓட்டல. பின்ன வண்டி எப்பிடிப் போச்சு? விதிப்படி நான் என்னன்னு எழுதறது?”

தணிகாசலம் பேசாமல் நின்றார். பதில் அவருக்குத் தெரியும். தூக்கிக்கொண்டு போனோம் என்று சொன்னால், தூக்குகிறவருக்கு ஒரு விதி பிறக்கும். அடுத்த கல்யாணத்துக்குத் தோளிலும் எல் எழுத்து தொங்கும். அவர் சுவரைப் பார்த்தார். மேலே மங்களூர் ஓட்டில் ஒரு பல்லி கத்தி ஓய்ந்தது. பூவராகவன் காத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் தணிகாசலம் ஒருநாளும் நின்றதில்லை. அது அவருக்குச் சுகமாகக்கூட இருந்தது.

கடைசியில் மெதுவாகச் சொன்னார்.

“எழுந்தருளினாருங்க.”

பூவராகவனின் வலது கை அவரைக் கேட்காமலே கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டது. பிறகு இடது கையும். விதிப் புத்தகத்தில் அதற்கு இடம் தேடினார். முன்னாலிருந்து பின்னால் வரை புரட்டினார். இல்லை. புத்தகத்தை மூடினார். அதை மூடி யாரும் பார்த்ததில்லை என்பதால், வாசலில் நின்ற சாமுவேல் பீடியைக் கீழே போட்டார்.

தணிகாசலம் தாம்பூலப் பையை மேஜை மேல் வைத்தார். பூவராகவன் எழுந்து நின்று, உள்ளேயிருந்த தேங்காயை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தணிகாசலம் படி இறங்கும்போது பின்னாலிருந்து பூவராகவனின் குரல் கேட்டது.

“அடுத்த புறப்பாடு எப்போங்க?”